சின்ன ஊர் கர்லிங் கிளப்: கேட்டதும் சொன்னதும்

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஐந்நூறு பேர்கூட இல்லாத ஊர் ஒன்றில் இருக்கிறேன். இங்குள்ள கர்லிங் கிளப்பில் பதினொரு குளிர்காலமாக ஐஸ் போடுவது என் வேலை. கூட்டத்தில் பேசியதை எழுதி வைக்கும் பழைய மினிட்ஸ் நோட்டுகளும் என் அலமாரியில்தான். இன்று ஆட்டம் இல்லை, கேளுங்கள். முன்கூட்டியே ஒன்று: எந்த கிளப்புக்குப் போனாலும் தெருவில் நடந்த ஷூவோடு ஐஸில் ஏறாதீர்கள்.

மதுரைக்காரன்: அண்ணே, கர்லிங்னா என்ன? டிவில ரெண்டு பேர் துடைப்பத்த வச்சு தரையத் தேய்க்கிறதப் பாத்தேன்.

ஓர் அணிக்கு நாலு பேர். 45 மீட்டருக்குச் சற்றே மேல் நீளமான ஐஸ் பாதை, அதற்கு ஷீட் என்று பேர். 20 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான கிரானைட் கல்லைத் தள்ளிவிட்டு, அந்தக் கோடியில் இருக்கும் வட்டத்தின் நடுவுக்குப் பக்கத்தில் நிற்க வைக்க வேண்டும். தேய்த்தால் ஐஸ் துளியூண்டு சூடாகும், உராய்வு குறையும், கல் இன்னும் கொஞ்ச தூரம் நேராக ஓடும். துடைப்பக் கேள்வி இதோடு முடிந்தது.

யாழினி: சஸ்காட்செவன், மனிடோபா பக்கம் காரில் போனால் ஒவ்வொரு குட்டி ஊரிலும் ஒரு நீளக் கொட்டகை, அதில் கர்லிங் கிளப் போர்டு. ஏன் இத்தனை?

இதற்குத்தான் காத்திருந்தேன். கோதுமை அறுவடை முடிந்தால் விவசாயிக்கு ஐந்து மாதம் வயலில் வேலை கிடையாது. வெளியே மைனஸ் முப்பது. ஹாக்கி ஆட இளவட்டம் வேண்டும். கர்லிங்கில் பன்னிரண்டு வயதுப் பையனும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே அணியில் நிற்கலாம். அந்தக் காலத்தில் ஐஸுக்குச் செலவும் இல்லை. கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துத் தண்ணீரை ஊற்றினால் குளிரே உறைய வைத்துவிடும். ஜனவரியில் வெயில் அடித்தால் ஆட்டம் நின்றுவிடும், அவ்வளவுதான்.

கொட்டகையை ஊர்க்காரர்களே கட்டினார்கள். மரம் ஒருவர் தருவார், ஆணி ஒருவர், ஆள் பலம் எல்லோரும். எங்கள் கிளப்பின் ஐம்பதுகளின் நோட்டு ஒன்றில் ஒரு பக்கம் முழுக்க, அடுத்த போட்டிக்கு எந்த வீட்டிலிருந்து எத்தனை ஆப்பிள் பை (ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுடும் பலகாரம்) வரும் என்ற பட்டியல். அதற்குக் கீழே ஒரே வரி: "கூரைத் தகரத்துக்குப் பணம் கட்டியாயிற்று." பை விற்ற காசுதான் கூரை. நோட்டில் யார் ஜெயித்தார்கள் என்பதைவிட அடுப்படிக் கணக்குதான் அதிகம்.

அக்கம்பக்கத்து ஊர்கள் கூடி ஆடும் போட்டிக்கு பான்ஸ்பீல் என்று பேர். கிட்டத்தட்ட நம்ம ஊர்த் திருவிழா. ஜெயித்த அணி தோற்ற அணிக்கு குடிக்க முதல் ரவுண்டு வாங்கித் தர வேண்டும், அது எழுதாத சட்டம். 1947-இல் நிபாவின் என்ற சின்ன ஊர் ஒரு பான்ஸ்பீல் வைத்து, பரிசாக நாலு ஹட்சன் கார்களை நிறுத்தியது. போர் முடிந்து புதுக் கார் கண்ணில் படாத காலம். யோசித்துப் பாருங்கள்.

சேலம் ரவி: துடைப்பம் எதுக்கு சார்?

மேலே பாருங்கள்.

கேரம் கிங்: இது நம்ம கேரம் மாதிரிதானே?

நல்ல ஒப்புமை. கேரம் போர்டில் பவுடர் போடாவிட்டால் காய் நகராது இல்லையா? இங்கே பவுடருக்குப் பதில் தண்ணீர்த் துளி. முதுகில் டேங்க், கையில் பூவாளி மூக்கு மாதிரி ஒரு தலை. பின்னோக்கி நடந்துகொண்டு வெந்நீரைத் துளித்துளியாகத் தூவினால் ஐஸ் மேல் வேர்க்குரு போலப் புள்ளிகள் உறையும். அதுதான் பெபிள். கல்லின் அடி குழிந்திருக்கும், ஒரு வளையம் மட்டும்தான் ஐஸைத் தொடும். அந்த வளையம் இந்தப் புள்ளிகள் மேல்தான் ஓடுகிறது. வழுவழுவென்ற ஐஸில் கல் பாதியிலேயே நின்றுவிடும். ஷூவில் ஒட்டிய ஒரு மணல் துகள் கல்லுக்கு அடியில் மாட்டினாலும் அது திசை மாறிப்போகும். ஷூவைப் பற்றி நான் புலம்புவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

கலைச்செல்வி: உலகிலேயே பழைய கர்லிங் கிளப் எது?

ஸ்காட்லாந்தின் கில்சைத். 1716-இல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். அதுவும் சின்ன ஊர்தான். 1739-இல் மியூதில் என்ற கிராமத்து கிளப் எழுதிய விதிகளில் பந்தயம் கட்டக்கூடாது, கெட்ட வார்த்தை பேசினால் ஒவ்வொன்றுக்கும் அபராதம் என்று இருக்கிறது. என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. 1838-இல் எடின்பரோவில் கிளப்புகளுக்கெல்லாம் தாய்ச்சங்கம் அமைந்தது. 1842-இல் விக்டோரியா ராணி ஸ்கோன் அரண்மனைக்கு வந்தபோது, ஐஸ் இல்லாததால் நடன மண்டபத்தின் பளபளத்த தரையிலேயே ஆடிக் காட்டினார்கள். மறு வருடமே சங்கத்தின் பெயருக்கு முன்னால் 'ராயல்' ஒட்டிக்கொண்டது.

தேன்சிட்டு: ஸ்காட்லாந்தா? புரூகல் 1565-இல் வரைந்த பனி வேட்டைக்காரர்கள் ஓவியத்தைப் பாருங்கள். பின்னால் உறைந்த குளத்தில் இதையேதான் ஆடுகிறார்கள். விளையாட்டு ஃபிளாண்டர்ஸ், ஹாலந்து பக்கத்தது.

ஓவியம் எனக்கும் தெரியும். ஆனால் ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பக்கம் ஒரு குளத்தை வற்ற வைத்தபோது கிடைத்த கல்லில் 1511 என்று செதுக்கியிருக்கிறது.

தேன்சிட்டு: வருடத்தை யார் வேண்டுமானாலும் பிறகு செதுக்கலாமே!

சரி, கல்லை விடுங்கள், காகிதத்துக்கு வருவோம். 1541-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி மடத்தில் ஜான் ஸ்க்லேட்டர் என்ற துறவி, மடாதிபதியின் உறவினர் கேவின் ஹாமில்டனுக்குச் சவால் விட்டு ஐஸில் கல் எறிந்து பார்க்கிறார். ஒரு நோட்டரி அதை லத்தீனில் பதிந்து வைத்திருக்கிறார். உங்கள் ஓவியத்துக்கு 24 வருடம் முன்னால்.

தேன்சிட்டு: எறிந்தார் என்றுதானே இருக்கிறது, கர்லிங் என்று இல்லையே. பான்ஸ்பீல் என்ற சொல்லே டச்சு வாடை அடிக்கிறது.

சொல் கடல் தாண்டி வந்திருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். உறைந்த குளமும் கையில் ஒரு கல்லும் இருந்தால் எந்த ஊர்க்காரனும் தள்ளிப் பார்ப்பான். அதற்குத் தாயகம் தேடுவது கிட்டிப்புள்ளுக்கு பேடன்ட் தேடுகிற கதை. என் கேள்வி வேறு: சந்தா வாங்கி, விதி எழுதி, அபராதம் போட்டு, மினிட்ஸ் வைத்தது யார்? கிளப் என்பது ஸ்காட்லாந்துச் சரக்கு. அங்கிருந்து குடியேறியவர்கள் அதைக் கையோடு கொண்டு போனார்கள், 1807-இலேயே மான்ட்ரியலில் கிளப் வந்துவிட்டது. புரூகலின் குளத்தில் யார் கையிலாவது சந்தா ரசீது இருந்தால் காட்டுங்கள், நான் கட்சி மாறுகிறேன்.

பொறையார் பாலு: தேன்சிட்டு சொல்றதுல நியாயம் இருக்கு சார்.

இருக்கட்டும். அடுத்த கேள்வி.

ஐடி தம்பி: சஸ்காட்செவனுக்கு பிஆர் (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) வாங்குவது எளிதா?

நான் ஐஸ்காரன், தம்பி. குடிவரவு ஆலோசகரைப் பாருங்கள்.

கிருத்திகா: பெண்கள் அடுப்படியில் மட்டும்தானா?

நியாயமான குத்து. வெகுகாலம் அப்படித்தான். ஆண்களுக்கான கனடா தேசியப் போட்டி 1927-இல் தொடங்கியது, பெண்களுக்கு 1961 வரை காத்திருப்பு. ஆனால் 1998-இல் நாகானோ ஒலிம்பிக்கில் முதல் பெண்கள் தங்கத்தை வென்ற அணியின் கேப்டன் சாண்ட்ரா ஷ்மிர்லர், பிகர் என்ற சஸ்காட்செவன் சின்ன ஊரில் வளர்ந்தவர். 2000-இல் 36 வயதில் புற்றுநோயில் போய்விட்டார். இங்கே அவர் பெயரைச் சொன்னால் இன்றும் பேச்சு ஒரு நொடி நிற்கும்.

வினோத்: கனடா, ஸ்காட்லாந்து தவிர எங்குமே இல்லையா? அப்புறம் அந்தத் துடைப்பம்...

துடைப்பத்தை நான் படிக்கவில்லை. ஜப்பானில் ஹொக்கைடோவின் டோகோரோ, மீன்பிடி ஊர். 1980-இல் ஆடத் தொடங்கி 1988-இல் உள்ளரங்கம் கட்டினார்கள். அந்த மண்ணில் வளர்ந்த பெண்கள் அணி 2018-இல் ஒலிம்பிக் வெண்கலமும் 2022-இல் வெள்ளியும் வாங்கியது. தென்கொரியாவில் பூண்டுக்குப் பேர்போன உய்சொங்கில் 2006-இல் அரங்கம் வந்தது. 2018 வெள்ளி அந்த ஊர்ப் பெண்களுக்கு. நியூசிலாந்தின் ஒடாகோ பக்கம் தங்கம் தேடி வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் விட்டுச் சென்ற வழக்கம் இன்னும் இருக்கிறது. குளிர் போதுமான அளவு விழுந்தால் ஏரியிலேயே ஆடுவார்கள்.

முத்துவேல்: கிளப்புகள் மூடப்படுவதாகக் கேள்வி. ஏன்?

பண்ணைகள் பெரிதாயின, குடும்பங்கள் குறைந்தன. பள்ளிக்கூடம் அடுத்த ஊருக்குப் போனால் பிள்ளைகளும் போவார்கள். செயற்கை ஐஸ் வந்ததும் கரண்ட் பில்லும் வந்தது. இயந்திரம் கிழடானால் ஆபத்தும் கூட: 2017-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னியில் கர்லிங் ஐஸின் குளிரூட்டியிலிருந்து அம்மோனியா கசிந்து மூன்று பேர் இறந்தார்கள். புது இயந்திரத்துக்கு எத்தனை பை விற்பது?

ஷர்மிளா, டொராண்டோ: அண்ணை, கராஜ் சேலில ஒரு சோடி பழைய கல் வாங்கினனான். எந்த கிளப்பிண்டை எண்டு கண்டுபிடிக்கேலுமோ?

சோடியாகக் கிடைத்தது நல்ல சகுனம், தங்கச்சி. அந்தக் காலத்தில் ஆளுக்கு இரண்டு கல், சொந்தமாக வைத்திருப்பார்கள். கைப்பிடியைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் துளை போய் மறுபக்கமும் வந்தால் இரண்டு முகமும் ஆடும் கல். ஒரு முகம் வழுக்கும், மற்றது இழுக்கும், ஐஸைப் பார்த்துப் புரட்டிக்கொள்வார்கள். கைப்பிடி பித்தளை என்றால் முதலெழுத்தோ வருடமோ வெட்டியிருக்கும், எலுமிச்சையால் மெதுவாகத் தேயுங்கள். எழுத்து தெரிந்தால் எனக்கு அனுப்புங்கள், நோட்டுகளில் தேடுகிறேன். அந்தக் கல்லை எந்த கிளப் ஐஸிலும் இறக்கிவிடாதீர்கள். கராஜ் மண் ஒட்டியிருக்கும்.