அடுப்பில் பால் இருந்ததா?

அன்புள்ள டாக்டர்,

வீட்டிலேயே பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். மகளுக்கு 22 வயது. என் அக்கா பையன் ரிசப்ஷனுக்கு அவளுக்கு ஆம்பளை கோட்டு வேண்டுமாம். பட்டுப்புடவை பீரோவில் கிடக்கிறது. 58 இஞ்ச் அகலத் துணி 3 மீட்டர் வாங்கி வந்துவிட்டாள், பேன்ட்டுக்கும் சேர்த்து. தண்ணீர் காட்டிச் சுருக்காமல் அவசரத்தில் உள்ளே விறைப்புக்கு வைக்கும் கேன்வாஸை ஒட்டினாள். அயர்ன் பண்ணியதும் மார்புப் பக்கம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. பிரித்து மறுபடி ஒட்டியது நான்தான். ஆம்பளை சட்டை மாதிரி இடது பக்கம் மேலே வரணுமாம். டார்ட் (மார்பு வளைவுக்காகத் துணியைப் பிடித்துத் தைப்பது) கூடாதாம். டார்ட் இல்லாவிட்டால் துணி தூக்கிக்கொண்டு லேப்பல் (கோட்டின் முன்பக்க மடிப்பு) வாயைப் பிளக்கும் என்று எத்தனை தடவை சொன்னேன்! கடைசியில் லேப்பல் மடிப்புக்கு அடியில் தெரியாமல் பிடித்துக் கொடுத்தேன். ஒரு நன்றி உண்டா? சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள்? அவள் அப்பா வாயே திறப்பதில்லை.

எல்லாம் பழைய இங்கிலீஷ் படம் பார்த்து வந்த வினை. 'மொராக்கோ' என்று ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அந்தக் கோட்டைப் பார் என்று என்னையும் உட்கார வைத்தாள். கோட்டு போட்ட பொம்பளை இன்னொரு பெண்ணின் உதட்டில் முத்தம் கொடுக்கிறாள். இவள் அதைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன் (பால் ஒன்றும் இல்லை). அதை விடுங்கள். புடவை கட்ட வைக்க வழி சொல்லுங்கள். கவுன்சலிங்குக்கு அழைத்து வரவா?

அன்புச் சகோதரி,

நீங்கள் விடச் சொன்னதைத்தான் என்னால் விட முடியவில்லை.

படம் 1930-ல் வந்தது. நடிகை மார்லீன் டீட்ரிச் வால் கோட்டும் உயரத் தொப்பியுமாகப் பாடிவிட்டு, மேசையில் இருக்கும் பெண்ணிடம் பூவை வாங்கிக்கொண்டு முத்தமிடுகிறார். கூட்டம் சிரித்துக் கைதட்டுகிறது. பூ அடுத்து ஒரு சிப்பாய்க்குப் போகிறது. முத்தத்தை வெட்டினால் பூ எங்கிருந்து வந்தது என்றே புரியாது, கெட்டிக்காரத்தனம்! ஹாலிவுட் தணிக்கை விதிகள் கண்டிப்பானது 1934-ல்தான். அதற்குப் பிறகென்றால் இந்தக் காட்சி லேசில் தப்பியிருக்காது.

முடிவில் அதே பெண் செருப்பை உதறிவிட்டு அந்தச் சிப்பாயின் பின்னால் பாலைவன மணலில் நடக்கிறாள். ஆகவே கோட்டை வைத்து யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று கணக்குப் போட முடியாது. உங்கள் மகள் விஷயத்திலும் அப்படித்தான். ஆனால் அந்த நொடியில் உங்கள் முகத்தைப் பார்த்தாளே, அது கேள்வி. நீங்கள் இல்லாத பாலை இறக்கப் போனீர்கள். நன்றி சொல்லவில்லை என்று இப்போது வருத்தப்படுகிறீர்கள். எழுந்து போனவரிடம் எப்படிச் சொல்வாள்? சொந்தக்காரர்களைச் சாக்குக்கு இழுக்காதீர்கள், பயம் உங்களுடையது.

அவளை இங்கே அழைத்து வர வேண்டாம். ஒருவேளை நீங்கள் பயப்படுவதே உண்மையாக இருந்தாலும் அது நோயில்லை. 1990-லேயே உலக சுகாதார நிறுவனம் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மருத்துவத்தால் மாற்றிவிடப் பார்ப்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றமும் 2021-ல் தடை போட்டது. பேச வேண்டுமானால் நீங்கள் மட்டும் வாருங்கள்.

ரிசப்ஷனுக்குக் கோட்டே போகட்டும், அவ்வளவு பாடுபட்டுத் தைத்திருக்கிறீர்கள். 'நீ அப்படியா?' என்று நேரடியாகக் கேட்டுவிடாதீர்கள். படம் மொத்தமே ஒன்றரை மணி நேரம், நீங்கள் எழுந்ததோ தொடக்கத்திலேயே. 'மீதியைப் போடு' என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். அவள் திரும்பிப் பார்த்தால் எழுந்துவிடாதீர்கள்.