மச்சுக்குள் குடியிருக்கும் மரநாயை என்ன செய்வது?

கேள்வி: நாகர்கோவில் அருகே எங்களுடையது பழைய ஓட்டு வீடு. இரவானால் மச்சில் யாரோ நடப்பதுபோல் சத்தம். பலகையில் மூத்திரக் கறை. மரத்தில் ஒரு சப்போட்டா தங்குவதில்லை. வாழைப்பழத்தில் மருந்து வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?

பதில்: வைக்கவே கூடாது. வந்திருப்பது மரநாய், உங்கள் பக்கம் மரப்பட்டி என்றும் சொல்வார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றம்; வனத்துறை அனுமதியில்லாமல் கூண்டு வைத்துப் பிடிப்பதும் குற்றம்தான். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மருந்து தின்ற விலங்கு மச்சுக்குள்ளேயே செத்தால் அந்த நாற்றத்தோடு எப்படிக் குடியிருப்பீர்கள்? அந்தப் பழம் ஒரு குழந்தையின் கையில் கிடைத்தால்? இதைக் கொன்றாலும் வழி திறந்திருக்கும்வரை இன்னொன்று வரும். அடைக்க வேண்டியது வழியைத்தான்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். எலி ஓடும், கொறிக்கும். மரநாய் நடந்தால் பலகை அதிரும். கைப்பிடிச்சுவரிலோ ஓட்டின் மேலோ ஒரே இடத்தில் எச்சம் கிடக்கும். குச்சியால் கிளறினால் சப்போட்டாக் கொட்டைகள் கறுப்பாக, முழுசாக இருக்கும்.

சுவரின் தலைப்புக்கும் ஓட்டுக்கும் நடுவிலுள்ள சந்துதான் பெரும்பாலும் அதன் வாசல். உரசி உரசி அழுக்கேறியிருக்கும், மயிரும் ஒட்டியிருக்கும். உடனே அடைத்துவிடாதீர்கள். உள்ளே குட்டிகள் இருந்தால் பட்டினியில் சாகும், தாய் ஓட்டைப் பிரித்துக்கொண்டு இறங்கும். பகலில் கீச்சுக்குரல் கேட்டால் குட்டிகள் உண்டு. அவை தாயோடு வெளியே நடமாடத் தொடங்கும்வரை, சில வாரமானாலும், பொறுத்திருங்கள். மச்சில் விளக்கை எரியவிட்டு, பகலில் ரேடியோவையும் பாடவிட்டால் தாயே குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாறிவிடுவதும் உண்டு.

குட்டிகள் இல்லையென்றால், இருட்டி அது இரை தேடக் கிளம்பியபின் சந்தில் செய்தித்தாளைக் கசக்கித் தளர்வாகச் செருகுங்கள். மூன்று இரவு தாள் கலையாமல் இருந்தால் உள்ளே எதுவும் இல்லை. பிறகு அரை அங்குலக் கண் உள்ள இரும்பு வலையை ஆணியடித்துப் பொருத்துங்கள். பிளாஸ்டிக் வலையைக் கிழித்துவிடும். சிமென்ட் பூசினால் கூரைக்குக் காற்றோட்டம் போய்விடும். கூரையைத் தொடும் கிளைகளை நன்றாகத் தள்ளி வெட்டுங்கள். தென்னையில் எலிக்குக் கட்டுவதுபோல் தண்ணீர்க் குழாயைச் சுற்றி வழவழப்பான தகரம் கட்டுங்கள்.

எச்சத்தை உலர்ந்தபடி கூட்டாதீர்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, முகக்கவசமும் கையுறையும் அணிந்து அள்ளுங்கள்.

சப்போட்டாவை முற்றியதும் பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள். பப்பாளியை முதல் மஞ்சள் கோடு தெரிந்ததும் பறித்துவிடுங்கள். விழுந்த பழங்களையும் நாய்ச் சோற்றுத் தட்டையும் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். தோட்டத்துக்கு அது எப்போதாவது வந்துபோகும், வரட்டும். எலியையும் பிடித்துத் தின்னும் விலங்கு அது.

அறைக்குள் வந்து மாட்டிக்கொண்டால் கதவைத் திறந்து, விளக்கை அணைத்து விலகி நில்லுங்கள். அடிபட்டுக் கிடந்தால் கையால் தொடாமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.