அப்பாவின் நினைவாக ஊரில் நூலகம் கட்டினால் பெயர்க்கல் வைக்கலாமா?

"மட்டக்களப்புப் பக்கம் எங்கள் ஊரில், அப்பாவின் நினைவாக ஒரு நூலகக் கட்டடம் கட்டிக்கொடுக்க நினைக்கிறோம். வாசலில் அவருடைய பெயரைப் பொறித்துக் கல் வைத்தால் பெருமையடிப்பாகத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக வையுங்கள். பெரிதாகவே வையுங்கள். நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஊரில் இருப்பவர் இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கமாட்டார், நேரே கல் பொறிப்பவரிடம் போய் எழுத்துக்கு எவ்வளவு என்று விலை கேட்டிருப்பார்.

இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு என்ன தகுதி என்றால், அம்பாறை மாவட்டத்தில், கல்முனைக்கும் திருக்கோவிலுக்கும் இடையில் ஒரு கடலோர ஊரில் 22 ஆண்டுகள் நூலக உதவியாளராக இருந்தேன். அப்படி ஒரு கல்லுக்குக் கீழேதான் தினமும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவேன். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே யாராவது தொலைபேசி எடுப்பார்கள்.

2004 டிசம்பர் 26க்கு முன்பு எங்களிடம் இருந்தது ஒரு வாசிகசாலை. ஓட்டுக்கூரை, இரண்டு நீள வாங்கு, ஒரு சாய்மேசை, பூட்டுப் போட்ட ஓர் அலுமாரி. 1978 சூறாவளியில் ஓடு பறந்து மறுபடி போட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கட்டியவர் யார் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் பேப்பருக்குக் காசு கொடுத்தவரை எனக்குத் தெரியும். சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஐயா. தினமும் வீரகேசரியும் தினகரனும் அவர் கணக்கில் வரும். பதிலுக்கு, போன வாரத்துப் பேப்பர்க் கட்டு சனிக்கிழமை மாலையில் அவருடைய கடைக்குப் போய்விடும், சீனியும் பருப்பும் சுற்ற. ஒப்பந்தம் எழுத்தில் இல்லை. ஆனாலும் ஒரு நாள்கூடப் பேப்பர் நின்றதில்லை. ஊரில் பாதிப் பேர் வாசிகசாலையில் ஒரு தரமும், சீனி கொட்டிய பிறகு இன்னொரு தரமும் அதே செய்தியை வாசித்தார்கள்.

கடல் வந்து வாசிகசாலையையும் கொண்டுபோனது, கடையையும் கொண்டுபோனது. ஐயா தப்பினார். அவருடைய வீட்டில் மற்றவர்கள் தப்பவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனமில்லை. இலங்கையில் அதிக உயிர்களை அன்று இழந்தது அம்பாறை மாவட்டம்தான், அது எல்லோருக்கும் தெரியும்.

பிறகு கட்டடங்கள் வந்தன. எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. 2007ல் திறப்பு விழா. அன்று கத்தரிக்கோல் வைத்த தட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான், அதனால் எல்லாவற்றையும் கிட்ட நின்று பார்த்தேன். கறுப்புக் கருங்கல், பொன்னிற எழுத்து, நான்கு மூலையிலும் பித்தளைத் திருகாணி. பதினொரு வரி. முதல் வரியில் பிரதம விருந்தினர், இரண்டாவதில் சிறப்பு விருந்தினர், அப்படியே இறங்கி இறங்கிப் பத்தாவது வரியில்தான் காசு கொடுத்த நிறுவனம். பதினொராவது வரி திகதி. பொன்னாடை மட்டும் இருபத்து மூன்று போர்த்தினார்கள், நான் எண்ணினேன், கையில் தட்டத்தோடு நிற்பவளுக்கு வேறு என்ன வேலை. கத்தரிக்கோல் பக்கத்து வீட்டுத் தையற்கார அக்காவிடம் இரவல் வாங்கியது. நாடா வெட்டியவர் அதை ஞாபகத்துக்கு என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாகனத்தில் ஏறிவிட்டார். அந்த அக்கா இன்றைக்கும் என்னைக் கண்டால் கேட்பார்.

அந்தக் கல்லில் "நூலகம்" என்ற சொல்லில் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டார்கள். "பொது நூலகம" என்று நின்றது. பிள்ளைகள் அப்படியே எழுத்துக்கூட்டி வாசித்துச் சிரிப்பார்கள். நான் மகளின் நகப்பூச்சை எடுத்து, ஈர்க்கில் தொட்டு, ஒரு புள்ளி வைத்தேன். உப்புக்காற்றில் எட்டு மாதம் தாங்கும். பிறகு மறுபடி வைப்பேன். பொன்னிறம் இரண்டு ஆண்டில் உதிர்ந்தது. பித்தளை என்று நினைத்த திருகாணிகள் பித்தளை இல்லை, கறள் வடிந்து நான்கு மண்ணிறக் கோடுகள் இறங்கின. சிவப்புப் புள்ளி மட்டும் பளிச்சென்று இருந்தது.

கட்டடம் கொடுத்தவர்களைக் குறை சொல்கிறாள் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அவர்கள் கொடுக்காவிட்டால் நான் மரத்தடியில் இருந்திருப்பேன். கூரை ஒழுகவில்லை, சுவர் வெடிக்கவில்லை. என் வயிற்றெரிச்சல் வேறு. திறந்து பதினான்காம் மாதம் பேப்பர் நின்றது. கட்டடத்துக்குப் பணம் வந்தது, ஆனால் பேப்பருக்கு, மின்கட்டணத்துக்கு, கறையான் மருந்துக்கு யார் பொறுப்பு என்று எந்தக் கடுதாசியிலும் இல்லை. பொறுப்பானவர்கள் ஒதுக்கீடு இல்லை என்றார்கள். கொடுத்தவர்களுக்கு எழுதினேன், திட்டம் முடிந்துவிட்டது என்று பணிவாகப் பதில் வந்தது, கூடவே ஆறு பெட்டி ஆங்கிலப் புத்தகம். ஒன்று பனிக்காலத்தில் கார் ஓட்டுவது எப்படி என்பது. கச்சான் காற்று அனலாக வீசும் ஊரில் அதை எந்த வகுப்பெண்ணில் அடுக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் ஒரு முதியவர் வருவார், மீன்பிடித் தொழில் விட்டவர். "என்ன மகள், இன்றைக்கும் பேப்பர் இல்லையா?" என்று வாசலிலேயே கேட்பார். இல்லை என்று சொல்லச் சொல்ல அவர் வருவதும் நின்றது. நாற்பது நாற்காலி, எட்டு மின்விசிறி, வாசிக்க ஆளில்லை.

நூலகவியல் வகுப்பில் அமெரிக்காவின் உருக்கு முதலாளி அன்ட்ரூ கார்னெகியைப் பற்றிப் படிப்பித்தார்கள். உலகத்தில் நூலகக் கட்டடம் கொடுத்தவர்களில் அவரை மிஞ்ச ஆளில்லை, 2,509 கட்டடம். முதலாவது அவர் பிறந்த ஸ்கொட்லாந்து ஊரான டன்ஃபெர்ம்லினில், 1883ல் திறந்தது. அதன் வாசலுக்கு மேலே அவர் கேட்டுச் செதுக்க வைத்தது உதிக்கிற சூரியனும் "ஒளி உண்டாகட்டும்" என்ற வாசகமும். பரீட்சைக்காக இதையெல்லாம் பாடமாக்கினேன். ஆனால் பேப்பர் நின்றபிறகுதான் அவருடைய நிபந்தனை எனக்கு உறைத்தது. நிலம் ஊர் கொடுக்கவேண்டும். அதோடு கட்டடத்துக்குக் கொடுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊர் தன் வரிப்பணத்திலிருந்து நூலகத்துக்குச் செலவிடுவதாகத் தீர்மானம் போட்டுத் தரவேண்டும். பத்தாயிரம் டொலர் கேட்டால் வருடத்துக்கு ஆயிரம். கையெழுத்து வராவிட்டால் காசும் வராது. புத்தகத்துக்கும் சம்பளத்துக்கும் அவர் கொடுக்கவில்லை, அது ஊர்க்காரனின் பாடு என்று தெளிவாக விட்டுவிட்டார். எங்கள் கட்டடத்தில் இந்த ஒன்றுதான் விடுபட்டது.

கார்னெகி என்ன தர்மவானா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், தெரியும். 1892ல் அவருடைய ஹோம்ஸ்டெட் உருக்காலையில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். ஆறு ஆண்டு கழித்து அதே இடத்துத் தொழிலாளருக்கு அவருடைய பெயரில் நூலகம் திறந்தது. பன்னிரண்டு மணி நேரம் உலையருகில் நின்றவன் எந்தக் கண்ணால் வாசிப்பான் என்று அப்போதே கேட்டார்கள், நியாயமான கேள்விதான். நான் அந்த மனிதனுக்கு மாலை போடவில்லை, அவருடைய கணக்குப் புத்தகத்தைத்தான் மெச்சுகிறேன். இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் வேலைக்குப் போகும் ஏழைப் பையனாக இருந்தபோது, அமெரிக்காவில் அலெகெனி ஊரில் கேணல் ஜேம்ஸ் அன்டர்சன் என்பவர் தன்னுடைய 400 புத்தகங்களைச் சனிக்கிழமைகளில் வேலைக்காரப் பையன்களுக்கு இரவல் கொடுத்தார். பின்னாளில் அதே ஊர் நூலகத்துக்கு முன்னால் அந்தக் கேணலுக்குச் சிலை வைத்து நினைவுச்சின்னம் எழுப்பினார் கார்னெகி, 1904ல். ஆகவே கல்லில் பெயர் பொறிப்பதைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம்.

ஸ்கொட்லாந்துவரை ஏன் போகிறாய் என்றால், திருக்கோவிலுக்குப் பக்கத்துத் தம்பிலுவில் ஊரின் பழைய கல்வெட்டைப் பாருங்கள். விஜயபாகு மன்னன் சிவஞான சங்கரர் கோவிலுக்குத் தானம் கொடுத்ததைச் சொல்லும் கல் அது. கொடுத்தவர் யார், எதைக் கொடுத்தார் என்பதோடு நிற்காமல், இந்தத் தன்மத்துக்குக் கேடு செய்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்றும் வெட்டியிருக்கிறார்கள். எங்கள் பதினொரு வரியில் ஒரு விருந்தினரைக் குறைத்து அந்தச் சாபத்தைச் சேர்த்திருந்தால், யாராவது பயந்தாவது பேப்பர் போட்டிருப்பார்கள்.

கடுதாசி என்றதும் என் கதையும் நினைவுக்கு வருகிறது. ஓய்வூதியக் கோவையில் என்னுடைய முதல் நான்கு ஆண்டைக் காணவில்லை. நியமனக் கடிதம் கொண்டு வரட்டாம். சுனாமியில் போய்விட்டது என்றேன். அப்படியென்றால் அதை உறுதிப்படுத்திக் கடிதம் கொண்டு வரட்டாம். யாரிடம் வாங்குவது, கடலிடமா? மூன்று தரம் பஸ் ஏறி, மூன்று தரமும் வெவ்வேறு மேசையில் அதே கதையைச் சொல்லி வந்தேன். கேள்விக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும். இருந்தாலும் எழுதினால் கொஞ்சம் ஆறுகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கட்டடத்துக்கு முதல், நிலம் யாருடைய பெயரில் என்று பாருங்கள். தந்தையின் காணி என்றால் நொத்தாரிசிடம் நன்கொடை உறுதி எழுதி முடியுங்கள். வாய்ச்சொல்லில் கொடுத்தால், பத்து வருடம் கழித்து உங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் வேலி போட வருவார். அடுத்தது, வைத்திருக்கும் பணத்தில் கால்வாசியைக் கட்டடத்தில் போடாதீர்கள். மண்டபம் சிறிதானால் யாரும் அழமாட்டார்கள். அந்தக் கால்வாசியை வங்கியில் நிரந்தர வைப்பில் போட்டு, வட்டி பேப்பருக்கும் சஞ்சிகைக்கும் மின்விளக்குக்கும் என்று எழுத்தில் வையுங்கள். பொறுப்பேற்கும் பிரதேச சபையிடம், ஆள் போடுவோம், சம்பளம் கொடுப்போம் என்று தீர்மானம் வாங்கிய பிறகுதான் அத்திவாரக் கல் நடுங்கள். திறந்த பிறகு கேட்டால் பொன்னாடை கிடைக்கும், தீர்மானம் கிடைக்காது. என்னை அவநம்பிக்கைக்காரி என்று சொல்பவர்கள் ஒரு மாதம் அந்தக் கதிரையில் இருந்து பார்க்கட்டும்.

யாழ்ப்பாணத்துப் பொது நூலகமும் 1933ல் செல்லப்பா என்ற ஒருவரின் வீட்டில்தான் தொடங்கியது. பெரிய கட்டடம் 1959ல்தான் வந்தது. 1981ல் அது எரிந்தபோது 97,000 நூல்கள் போயின என்றே எல்லோரும் அழுதார்கள், தூண்கள் போயின என்று அழுதவரை நான் கண்டதில்லை. ஆக, கட்டடம் முடியும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அப்பாவின் வீடு சும்மா கிடந்தால் முன் விறாந்தையில் இரண்டு வாங்கு போட்டுப் பேப்பரை இன்றைக்கே தொடங்கலாம்.

கல்லில் என்ன எழுதுவது என்றும் கேட்பீர்கள். அப்பாவின் பெயர், என்ன தொழில் செய்தார், ஊர், ஆண்டு. நான்கு வரி போதும். விருந்தினர் பெயர்களை அழைப்பிதழில் போடுங்கள், அதிலே போட்டால் போதாது என்று கோபிப்பவர் விழாவுக்கு வராவிட்டாலும் நட்டமில்லை. கத்தரிக்கோல் சொந்தமாக ஒன்று வாங்கி வையுங்கள். பொறிக்கக் கொடுக்கும் முன் அந்த நான்கு வரியை எனக்கு அனுப்புங்கள், புள்ளிகளை எண்ணிப் பார்த்துத் தருகிறேன்.