மாட்டிய அன்றே ஒழுகும் சீல்: கடல் தண்ணீர் பம்ப்

வணக்கம் தம்பி. தொண்டிப் பக்கம் இறால் பண்ணைக்குக் கடல் தண்ணீர் ஏற்றும் பம்பில் ஒரே மாதத்தில் இரண்டு மெக்கானிக்கல் சீல் (ஷாஃப்ட் எனும் சுழல் தண்டைச் சுற்றித் தண்ணீர் ஒழுகாமல் அடைப்பது) போய்விட்டது, கழற்றினால் கார்பன் முகத்தில் வட்டக் கோடு, ரப்பரில் கருகல் வாடை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்து இது தண்ணீர் இல்லாமல் ஓடியதன் அடையாளம். சீலைக் குறை சொல்லாதீர்கள்.

சீலில் ஒன்று நிற்க ஒன்று சுழலும் இரண்டு முகங்களுக்கும் நடுவே மெல்லிய தண்ணீர்ப் படலம் இருக்க வேண்டும். அங்கே காற்று நின்றால் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே சூடேறிக் கருகும்.

முதலில் ஃபுட் வால்வு, அதாவது சக்‌ஷன் (உறிஞ்சும்) குழாயின் அடிமுனையில் இருக்கும் ஒருவழி வால்வு. நம் பாக் விரிகுடாக் கரை ஆழமில்லாதது. தண்ணீர் வற்றும் நேரத்தில் வால்வு காற்றை இழுக்கும். அது நன்றாக மூழ்கியிருந்தால் பம்பில் காற்றை வெளியேற்றும் ஏர் காக்கைத் திறந்துவைத்துப் பம்புக்குள் தண்ணீர் ஊற்றுங்கள். குமிழி நின்றதும் மூடிவிடாதீர்கள். ஷாஃப்டைக் கையால் நாலைந்து சுற்று சுற்றுங்கள். தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரத்துக்குள் ஒளிந்திருந்த காற்று பொளக்கென்று வெளியே வரும். மறுபடி ஊற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் மட்டம் இறங்கினால் ஃபுட் வால்வில் சிப்பி சிக்கியிருக்கலாம், சக்‌ஷன் இணைப்புகளையும் பாருங்கள்.

மோட்டார் சுற்றும் திசையை, அதைப் பம்போடு இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். காலி பம்பை ஒரு நொடிகூட ஓட்டாதீர்கள், நான் ஒரு புதுச் சீலை அப்படித்தான் இழந்தேன். மாட்டும்போது முகத்தில் விரலோ கிரீஸோ படக்கூடாது. ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் போதும். தண்ணீர் வெளியேறும் டெலிவரி வால்வைக் கொஞ்சமாகத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

நாள்கணக்கில் நிறுத்துவதானால் நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள், முகத்தில் உப்புப் பூக்கும். அடுத்த சீலுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பிரிங் கேளுங்கள். 304 ரகம் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் குழி விழும்.