வெய்லியின் குரங்கும் யூவின் குரங்கும்

வணக்கம்.

‘மேற்கு நோக்கிய பயணம்’ என்ற சீன நாவலை ஆர்தர் வெய்லியின் ஆங்கிலத்தில், ‘மங்கி’ என்ற பெயரில் ரசித்துப் படித்தேன். நண்பர் வீட்டில் அதே நாவல் ஆண்டனி யூவின் மொழிபெயர்ப்பில் நான்கு தடித்த தொகுதிகளாக இருக்கிறது. அப்படியானால் நான் படித்தது என்ன? வெய்லி இவ்வளவு வெட்டியது நியாயமா? இனி நான்கையும் படிக்க வேண்டுமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

நீங்கள் படித்தது 100 அத்தியாயங்களில் 30. வெய்லி இதை மறைக்கவில்லை, 1942 பதிப்பின் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். ஆனால் எந்த 30 என்பதில் அவருடைய ரசனை இருக்கிறது. குரங்கின் பிறப்பும் வானுலகில் அது செய்யும் கலாட்டாவும் முழுசாக இருக்கின்றன. தன் குருவான யுவான் சுவாங் துறவியோடு இந்தியாவுக்கு நடக்கிற வழிதான் சுருங்கிவிட்டது. 22ஆம் அத்தியாயத்திலிருந்து 37க்குத் தாவுகிறார். அப்புறம் 49 முடிந்ததும் நேராக 98.

அந்த முதல் தாவலில் போனது 27ஆம் அத்தியாயம். சீனாவில் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. வெள்ளெலும்புப் பேய் இளம்பெண்ணாக, கிழவியாக, கிழவராக வருகிறது. மூன்று முறையும் குரங்கு அடித்து வீழ்த்துகிறது. குருவின் கண்ணுக்கு அவை மூன்று கொலைகள். இனி நீ என் சீடனில்லை என்று எழுதியே கொடுத்துவிடுகிறார். கும்பிட்டு விடைபெற வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். குரங்கு தன் உடம்பிலிருந்து மூன்று மயிரைப் பிடுங்கித் தன்னைப்போல் மூன்று பேரை உண்டாக்கி, நாலு பக்கமும் நின்று கும்பிடுகிறது. குரு எந்தப் பக்கம் திரும்பினாலும் தப்ப முடியாது. இந்த இடம் இல்லாவிட்டாலும் குரங்கு கெட்டிக்காரன்தான், வீரன்தான். ஆனால் குருமேல் அவனுக்கு இருக்கும் பாசத்தின் ஆழம் தெரியாமலே போகும். எனக்கு இது பெரிய இழப்பு.

வெய்லி இந்த நாவலை ஒரு நல்ல கதையாகப் பார்த்தார். அமெரிக்கப் பதிப்புக்கு முன்னுரை எழுதிய சீன அறிஞர் ஹூ ஷிஹ், பௌத்த, தாவோ, கன்ஃபூஷிய உரைகாரர்கள் ஏற்றிய தத்துவங்களிலிருந்து நாவல் விடுபட்டால் போதும் என்றே வாதிட்டார். யூ அதை ஏற்கவில்லை. போர்க்காலத்தில் தாத்தா சொல்லி இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர் அவர். பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் சமயமும் இலக்கியமும் கற்பித்தார். 1977 முதல் 1983 வரை வெளிவந்த அவருடைய பதிப்பில் வெய்லி அநேகமாக விட்டுவிட்ட செய்யுள்களும் உண்டு. அத்தியாயத் தலைப்புகள் பலவற்றில் குரங்கு ‘மனக்குரங்கு’ என்று வருகிறது. மனம் ஒரு குரங்கு என்று கேட்டு வளர்ந்த நமக்கு அதற்கு அடிக்குறிப்பே வேண்டாம். பின்னால் ஓரிடத்தில் குரங்கின் உருவிலேயே ஒரு போலிக் குரங்கு வருகிறது; இரண்டும் புத்தர் முன் போய் நிற்கும்வரை எது அசல் என்ற வழக்கு தீராதது ஏன் என்பதும், குரங்கு என்பது மனம்தான் என்று பார்த்தால் விளங்கும்.

வெட்டியது நியாயமா? வெட்டியதில் எனக்குக் குறையில்லை. யூவே 2006-இல் ஒரு சுருக்கப் பதிப்பு கொண்டுவந்தார். வெய்லியின் உரையாடல்களில் இருக்கும் துள்ளலும் யூவிடம் கிடையாது, அவருடைய வாக்கியங்கள் பல இடங்களில் கனக்கும். 27ஐ விட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான்கையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். நண்பரிடம் இரண்டாம் தொகுதியை மட்டும் வாங்குங்கள். அது 26இல் தொடங்குகிறது. செய்யுள் வந்தால் தாண்டிப் போகாதீர்கள், பல சண்டைகள் அதற்குள்தான் நடக்கின்றன.