கன்டீனைப் பூட்டிய கிளப்

அன்புள்ள ஐயா,

போகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். இங்கிலாந்துக் கால்பந்தில் தீவிர லிவர்பூல் ரசிகன். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் என் மாமன் மகன் மன்செஸ்டர் யுனைட்டட் பைத்தியம். போன பருவம் (2024–25) அவர்களுக்கு 15ஆம் இடம். இந்த முறையாவது தேறுவார்கள் என்று பார்த்தால், ஆர்சனலிடம் முதல் ஆட்டமே தோல்வி, ஃபுல்ஹமுடன் சமநிலை, அப்புறம் லீக் கோப்பையில் நான்காம் டிவிஷன் கிறிம்ஸ்பியிடம் பெனால்டியில் 12–11 என்று தோல்வி. அன்று விடியற்காலை மூன்று மணி வாக்கில் சந்தோஷம் தாங்காமல் ஒரு கட்டு வெடி கொளுத்திவிட்டேன். மச்சான் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எதிரி கிளப் சரிவதை ரசிப்பது பிழையா? அந்த 3-4-3 ஆட்ட அமைப்பை விடமாட்டேன் என்று நிற்கும் கோச் அமோரிமை எப்போது துரத்துவார்கள்? நமக்கு இந்த முறையும் கோப்பை வருமா?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

வெடிக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். விடிந்தால் பெரட்டுக்கு (காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) ஓட வேண்டிய சனம் தூங்குகிற லயத்தில் மூன்று மணிக்கு வெடி கொளுத்தியது அறிவுகெட்ட வேலை. மச்சானிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டால் போதாது. ஒவ்வொரு காம்பராவாக ஏறி இறங்குங்கள்.

ரசிப்பது பிழையா என்றால், இல்லவே இல்லை. நானும் லிவர்பூல்காரன்தான். கடைசியில் யுனைட்டடின் எம்பூமோ அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது போர்வையை உதறிவிட்டு எழுந்து நின்றேன். சத்தம் போடவில்லை, அவ்வளவுதான். அமோரிம் எப்போது போவார் என்பதை ஜோசியக்காரரிடம் கேளுங்கள். கோப்பைக் கேள்விக்கும் அதே பதில்தான்.

ஆனால் யுனைட்டட் ஏன் இப்படி ஆனது என்று எவ்வளவோ எழுதியிருக்கிறீர்கள் (பாதியை இங்கே வெட்டிவிட்டேன்). கோல்கீப்பர், நடுக்களம், 3-4-3 எல்லாம் வருகிறது. கன்டீன் ஒரு வரியிலும் வரவில்லை. எனக்குக் கொஞ்ச நாளாகவே அந்தக் கன்டீன் நினைப்புத்தான்.

2024 ஜூலையில் யுனைட்டடின் அப்போதைய கோச் டென் ஹாகுக்கு ஒப்பந்தத்தை நீட்டினார்கள். ஒக்டோபரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே ஜூலையில் விளையாட்டுப் பணிப்பாளராக வந்த டான் ஆஷ்வர்த் ஐந்து மாதத்தில் வெளியே. இந்த இரண்டு கூத்துக்கும் கிளப் கொடுத்த காசு 1 கோடியே 45 லட்சம் பவுண். அந்த வருஷம்தான் சிக்கனம் என்று சொல்லி 250 வேலைகளை வெட்டினார்கள். 2025 பெப்ரவரியில், இன்னும் 150 முதல் 200 பேர் போக வேண்டியிருக்கும் என்றார்கள். அத்தோடு அவர்களின் மைதானமான ஓல்ட் ட்ரஃபோர்டில் ஊழியர்களின் கன்டீனைப் பூட்டினார்கள். இலவச மதியச் சாப்பாடு நின்றது. பசிக்கிறவர்கள் பழம் எடுத்துக்கொள்ளலாமாம். தப்பான ஆளை எடுத்தவர்களின் சாப்பாட்டில் யாரும் கை வைக்கவில்லை. டிக்கெட் கிழிப்பவரின் தட்டைத்தான் பிடுங்கினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராதான் (வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) ஞாபகம் வந்தது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கொம்பனிகளின் கைக்குப் போனது. எங்கள் தோட்டத்துக்கு வந்த கொம்பனி முதலில் வெட்டியது பிள்ளைகளின் பாலை. தகரக் கோப்பையில் பால்மா கரைத்துக் கொடுப்பார்கள், அடியில் கட்டி கட்டியாகச் சீனி நிற்கும், அதை விரலால் வழித்து நக்குவோம். அது போய் வெறும் தேத்தண்ணி வந்தது. ஆயம்மா இருவரில் ஒருவர் நிறுத்தப்பட்டார். “பால்மாவ நிப்பாட்டித்தான் கொம்பனி கடன் அடைக்கப் போகுதாக்கும்” என்று அம்மா கூடையை இறக்கிவைத்தபடி சொன்னார்.

அப்புறம் மலையில் புல் வெட்டுகிற ஆட்களைக் குறைத்தார்கள். மானாப்புல் தேயிலைக்கு மேல் ஏறியது. கொழுந்து குறைந்தது. கொழுந்து குறைந்தது என்று அம்மாவுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டார்கள்! புல்லை வளரவிட்டவர்கள் யாருக்கும் அரைப்பேர் விழவில்லை. தோட்டத்தை நடத்தும் துரைமார் வந்தார்கள், போனார்கள், பங்களாவுக்கு மட்டும் பெயிண்ட் அடித்தபடியே இருந்தார்கள். புதுத் துரை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெரட்டுக்களத்தில் பேசிக்கொள்வார்கள். நீங்கள் அமோரிமைப் பற்றிக் கேட்பதும் அந்தப் பேச்சுத்தான், தம்பி. 2005இல் கிளேசர் குடும்பம் 79 கோடி பவுணுக்கு யுனைட்டடை வாங்கியது, அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். அதற்குப் பிறகு எத்தனை கோச் வந்தால் என்ன?

நாம் மட்டும் யோக்கியமா? 2010இல் ஹிக்ஸ், ஜில்லெட் என்று இரண்டு அமெரிக்கர்கள் லிவர்பூலைக் கடனில் மூழ்கடித்து வைத்திருந்தார்கள். நாலாம் டிவிஷன் நோர்தாம்டனிடம் நம் மைதானமான ஆன்ஃபீல்டிலேயே பெனால்டியில் தோற்றோம். ஒக்டோபரில் 18ஆம் இடம். கிறிம்ஸ்பிக்குச் சிரிக்கும்போது இதையும் சேர்த்துச் சிரியுங்கள்.

நமக்குப் பெருமைப்பட ஏதாவது இருக்கிறதென்றால் அது 2016 பெப்ரவரி. ஆன்ஃபீல்டின் புதுப் பார்வையாளர் மேடையில் ஒரு டிக்கெட் 77 பவுண் என்று அறிவித்ததும், சண்டர்லாண்டுடன் நடந்த ஆட்டத்தில் 77ஆவது நிமிஷம் ஆயிரக்கணக்கான சனம் எழுந்து வெளியே நடந்தது. அப்போது நாம் 2–0 முன்னிலை. ஆட்டம் 2–2இல் முடிந்தது. இரண்டு புள்ளி போனது, டிக்கெட் விலையும் போனது. முதலாளிகள் சில நாளில் பின்வாங்கினார்கள். 2020இல் கொரோனாவைக் காரணம் காட்டி ஊழியர்களை அரசாங்கச் சம்பளத்தில் தள்ளப் பார்த்தபோதும் ரசிகர்கள் ஏசிய ஏச்சில் இரண்டே நாளில் வாபஸ். உங்கள் மச்சானின் ஆட்களும் சும்மா இருந்தவர்கள் இல்லை. அந்தக் கிளப்பை 1878இல் தொடங்கியவர்கள் ரயில்வேத் தொழிலாளிகள். அவர்களின் பழைய பச்சை, பொன்நிறத்தில் கழுத்துத்துணி போட்டுக்கொண்டு 2010இல் கிளேசருக்கு எதிராக மைதானத்தை நிரப்பினார்கள். அதற்கு முன்பே, 2005இல், ஒரு கூட்டம் பிரிந்து போய்த் தங்களுக்கென்று சொந்தமாகக் கிளப்பே தொடங்கியது. மச்சானிடம் இதைப் பேசுங்கள், வாயைத் திறப்பார். 2025 ஒக்டோபர் 19, தீபாவளிக்கு முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு ஆன்ஃபீல்டில் ஆட்டம். ஒரே டிவியில் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் தோட்டத்து டீமில் விங்கில் ஆடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஜேர்சிக்கென்று வீட்டுக்கு வீடு சேர்த்த காசுக்குக் கணக்கு யார் வைத்திருக்கிறார்? கடைசியாக எப்போது கூட்டம் கூடினீர்கள்? நம் இலங்கைக் கால்பந்துச் சம்மேளனத்தையே பீஃபா 2023 ஜனவரியில் தடை செய்தது. ஓகஸ்ட் வரை சர்வதேச ஆட்டமே இல்லை. அதற்கு ஒரு கடிதமும் எனக்கு வரவில்லை, உங்களிடமிருந்தும்தான். ஓல்ட் ட்ரஃபோர்டின் வரவுசெலவை அப்புறம் பார்க்கலாம். உங்கள் டீமின் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். தரமாட்டேன் என்று சொன்னால், யார் சொன்னது என்பதையும் எழுதுங்கள்.