பொதுச்சுவர், திண்ணை, ஓடு: பாலக்காட்டு வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: எங்கள் கிராமத்தில் கோவில் காரியங்களைப் பார்க்கச் 'சமூகம்' என்ற அமைப்பு இருக்கிறது. பழைய தெருவைக் காப்பாற்ற, குடியிருப்போர் சங்கம் என்று தனியாக ஒன்று வேண்டுமா? எங்கே பதிவது? (வாசகர், சித்தூர்)

பதில்: கட்டாயம் வேண்டும். சமூகத்தின் பணம் பூஜைக்கும் உற்சவத்துக்கும் உரியது. அதில் கைவைத்து ஓடை சீர் செய்தால் தணிக்கையில் பதில் சொல்ல முடியாது. வாடகைக்கு இருப்பவர்களும் அண்மையில் வீடு வாங்கி வந்தவர்களும் பெரும்பாலும் சமூகத்துக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களைச் சேர்க்காமல் தெருவைக் காப்பது நடக்காத காரியம்.

எந்தச் சட்டத்தின் கீழ் பதிவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பாலக்காடு நகரம் 1956 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது. அங்கே 1860-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டம். உங்கள் சித்தூர் பழைய கொச்சி சமஸ்தானம்; ஆகவே 1955-ஆம் ஆண்டு திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம். பாலக்காடு நகரத்துக் கல்பாத்திக்காரர்களின் விதிமுறைகளை அப்படியே நகல் எடுத்துக் கொடுத்தீர்களானால் முதல் பக்கத்திலேயே சட்டத்தின் பெயர் தப்பாக இருக்கும். இரண்டு சட்டத்திலும் குறைந்தது 7 பேர் கையெழுத்திட வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பதிவோடு வேலை முடியாது. பொதுக்குழு முடிந்ததும் நிர்வாகிகள் பட்டியலை ஆண்டுதோறும் கொடுங்கள் (1860 சட்டப்படி 14 நாளுக்குள்). நாளைக்கு ஒரு கட்டட அனுமதியை எதிர்த்து நிற்கும்போது எதிர்த்தரப்பு முதலில் கிளறுவது இந்தக் கணக்கைத்தான்.

கேள்வி: பக்கத்து வீட்டை விற்றுவிட்டார்கள். இடித்துவிட்டு கான்கிரீட் வீடு வரப்போகிறது. நடுவில் இருப்பது பொதுச்சுவர். சங்கம் என்ன செய்ய முடியும்? (வாசகி, நூறணி)

பதில்: இடிக்க ஆரம்பித்த பிறகு கூச்சல் போட்டுப் பயனில்லை, அதற்கு முன்பே செய்ய வேண்டியது நிறைய. இரு வீட்டாரும், சங்கத்தின் சார்பில் இருவரும் சேர்ந்து சுவரை உள்ளும் புறமும் படம் எடுங்கள். ஏற்கெனவே உள்ள ஒவ்வொரு விரிசலின் நுனியிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். பின்னால் விரிசல் நீண்டால் யார் பொறுப்பு என்ற சண்டைக்கே இடமிருக்காது.

ரேழியிலும் கூடத்திலும் உள்ள உத்தரங்களின் நுனி பொதுச்சுவருக்குள் புதைந்திருக்கும். ஜேசிபி இழுத்தால் உத்தரத்தோடு சுவரின் பாதியும் பெயரும். ஆகவே சுவரிலிருந்து 1 மீட்டர் தூரம் வரை கையாலேயே பிரிக்க வேண்டும். உத்தரத்தை இழுக்காமல் சுவர் ஓரமாக ரம்பத்தால் அறுக்க வேண்டும். உங்கள் பக்கம் அதற்கு முன்னமே முட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தானது அஸ்திவாரக் குழி. பழைய சுவரின் அடித்தளம் ஆழமில்லாதது. புதுத் தூணின் குழி அதற்குக் கீழே போகும். சுவர் நெடுகக் குழியை ஒரேயடியாகத் திறந்தால் அடிமண் சரிந்து சுவர் சாயும். குழியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டி, கான்கிரீட் போட்டு மூடிய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். பிரித்த சுவரின் தலையில் ஒரு வரிசை செங்கல் வைத்துப் பூசி, மேலே தார்ப்பாய் கட்டாமல் எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு விடவே கூடாது. இத்தனையையும் முத்திரைத்தாளில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு ஒப்பந்ததாரர் மாறினால் போய்விடும்.

கேள்வி: சிமெண்ட் பூசிய கூடத்துச் சுவர் இரண்டே வருஷத்தில் பாளம் பாளமாக உதிர்கிறது. ஏன்? (வாசகர், தத்தமங்கலம்)

பதில்: பழைய சுவர் தரையின் ஈரத்தை உறிஞ்சி, சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே விட்டுக்கொண்டிருந்தது. சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் மேலே ஏறுகிறது. அதோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து பூச்சைத் தள்ளுகிறது, செங்கல்லையும் பொடியாக்குகிறது.

சிமெண்ட்டை ஈரக்கோட்டுக்கு மேல் அரை மீட்டர் வரை உடைத்து எடுங்கள். செங்கல் இணைப்புகளை 2 செ.மீ. ஆழம் சுரண்டுங்கள். உப்பைக் காய்ந்த தூரிகையால் மட்டும் தட்டுங்கள். தண்ணீர் விட்டால் உப்பு திரும்ப உள்ளே போகும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சுவரைத் திறந்தபடி விடுங்கள். பிறகு நன்றாக நீற்றிச் சலித்த சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த மணல் 3 பங்கு. முதல் பூச்சு 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம். அது இறுகிய பிறகே இரண்டாவது. ஈரச்சாக்கு கட்டி ஒரு வாரமாவது காயாமல் பாருங்கள்.

கொத்தனார் "சீக்கிரம் பிடிக்க" என்று ஒரு கை சிமெண்ட் சேர்ப்பார். சேர்க்க விடாதீர்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும். எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் பழைய கதைதான்.

கேள்வி: தார் போடப் போடத் தெரு உயர்ந்து திண்ணையின் கீழ்ப்படி மறைந்துவிட்டது. மழைநீர் வீட்டுக்குள் வருகிறது. (வாசகர், கல்பாத்தி)

பதில்: பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போடுவதால் வரும் கேடு இது, மேலே சொன்ன சுவர் ஈரத்துக்கும் இது ஒரு காரணம். அளவு கையில் இல்லாமல் புகார் செய்தால் யாரும் மதிக்கமாட்டார்கள். மட்டம் பார்க்க, 15 மீட்டர் நிறமில்லாத டியூபில் நீர் நிரப்புங்கள்; இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். உள்ளே ஒரு குமிழி இருந்தாலும் அளவு தப்பும். கோவில் வாசற்கல் மாதிரி நகராத ஒன்றை மட்டமாக வைத்து, ஒவ்வொரு வீட்டு வாசல், திண்ணை, சாலை நடு, ஓடை அடி எல்லாவற்றின் உயரத்தையும் வீட்டு எண்ணோடு எழுதுங்கள். அடுத்த டெண்டருக்கு முன், பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் என்ற நிபந்தனையை வார்டு கூட்டத்தில் எழுத்தில் பதிவு செய்யுங்கள். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் மதிப்பீட்டின் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். சுரண்டும் வேலை மதிப்பீட்டில் இல்லையென்றால் தெருவில் வேலை தொடங்கும் முன்பே தெரிந்துவிடும்.

கேள்வி: வீட்டின் வயதை எப்படி நிரூபிப்பது? (வாசகர், கல்பாத்தி)

பதில்: விசுவநாதர் கோவில் கல்வெட்டு 1425-ஆம் ஆண்டினது என்பதற்காக வீடுகளும் அந்த வயது என்று மனுவில் எழுதாதீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் பழைய பத்திரம், வரி ரசீது, முகப்புப் படம் தனித்தனியே வேண்டும். ஓட்டைக் கழற்றும்போது பின்பக்க முத்திரையைப் பாருங்கள். பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை மங்களூரில் 1865-இல் தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பின் அது காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. முத்திரை ஓட்டின் காலத்தைத்தான் சொல்லும். கூரை அதற்கும் பழையதாக இருக்கலாம். அப்படிப்பட்ட ஓடுகளை உடையாமல் அடுக்கி வையுங்கள். ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம்) இடைவெளியை எப்போதும் கையிலுள்ள ஓட்டை வைத்தே அளக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு கொஞ்சம் மாறும்.

கேள்வி: மனுவைத் தமிழில் கொடுக்கலாமா? (வாசகர், கொல்லங்கோடு)

பதில்: கொடுக்கலாம். அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. வேலை விரைவாக நடக்க மலையாள நகல் ஒன்றையும் இணைத்து, இரண்டிலும் வரவு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.